யாழை உடைக்க வேண்டாம்



"ஆர்வம் குறைந்த பின் இசையை விடுவதா, தொடர்வதா?" இதுதான் தலைப்பு. தொடர வேண்டும் என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எங்க வீட்டம்மா சிரிச்சாங்க. ஏன்னா நான் குளியலறையிலே பாட ஆரம்பிச்சா, "இவருக்கு மட்டும் ஆர்வம் குறையவே மாட்டேங்குதே, ஆண்டவா"ன்னு வேண்டிக்கிறவங்க அவங்க. (சிரிப்பு)

எதிரணித் தங்கை ரொம்ப அழகாப் பேசினாங்க. "மனசு இல்லாமல் வாசிப்பது பொய். பொய் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல்" என்றார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அடுத்து வந்த தம்பி சீமைக்கே போயிட்டார். ரோசினி என்ற இத்தாலிய இசைமேதை 37 வயசிலே இசைநாடகம் எழுதுவதை நிறுத்தினார், அதன்பின் 39 ஆண்டுகள் நன்றாகச் சாப்பிட்டு நிம்மதியாக வாழ்ந்தார் என்றார். உண்மைதான். தம்பி படிச்சிட்டுத்தான் வந்திருக்கார். ஆனா பாதிப் புத்தகத்தோட மூடிட்டார் போலிருக்கு. (சிரிப்பு) மீதியை நான் சொல்றேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். நம்ம ஊரிலே திங்கட்கிழமை இந்தி, செவ்வாய்க்கிழமை கீபோர்டு, புதன்கிழமை அபாகஸ், வியாழக்கிழமை கராத்தே என்று பிள்ளைக்கு அட்டவணை போட்டிருக்கிறோமே, அந்தப் பிள்ளை "எனக்குப் பாட்டு வேண்டாம்ப்பா"ன்னா, தயவுசெய்து விட்டுடுங்க. அதுக்கு ஆர்வம் குறையலை. இருந்தாத்தானே குறையும்! பக்கத்து வீட்டுப் பெண் பாடுதேன்னு நமக்கு வந்த ஆர்வம் அது. அந்த வழக்கு இந்த மன்றத்துக்கு வராது.

இங்கே பேச வந்தது வேறு ஆளைப் பற்றி. தானே விரும்பிப் போனவன். ராத்திரி பகல் பார்க்காமல் கற்றவன். பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து ஒரு நாள் வாத்தியத்தைப் பார்க்கிறான், அதை எடுக்கத் தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. பயந்து போகிறான். அவனுக்கு என்ன பதில்?

என் பழைய மாணவர் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தமிழ் இலக்கியம் படிக்க வந்தார். யாப்பிலக்கணம் நடத்தும்போது மேசையிலே விரல் ஓடிக்கிட்டே இருக்கும். "என்னய்யா?"ன்னா, "ஒண்ணுமில்லை சார், அந்தச் சந்தம் எந்தத் தாளத்துலே உட்காரும்னு பாக்குறேன்"ம்பார். படிப்பை முடித்ததும் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம். இருபது வருஷத்துக்கு மேல்.

ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன். ஏதோ மண்டபத்து வாசலிலிருந்து பேசுகிறார். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. "சார், விட்டுடலாமான்னு பாக்குறேன்"னார். என்ன ஆச்சுய்யா என்றேன். "கை வாசிக்குது சார். நான் எங்கேயோ உட்கார்ந்து மொய் எழுதுறவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அவரு சில்லறை எண்ணுறதுகூட எனக்குச் சுவாரசியமா இருக்கு. பாட்டு இல்லை"ன்னார்.

ஐயா, அந்த மனுஷன் சொன்னதை யோசித்துப் பாருங்கள். வரவேற்பு மேடையிலே மாப்பிள்ளையும் பொண்ணும் போட்டோவுக்கு நிற்கிறார்கள். பாதிப் பேர் பந்திக்கு ஓடுகிறார்கள். மீதிப் பேர் பந்தி எப்போ முடியும்னு நிற்கிறார்கள். ஒரு காதுகூட மேடைப் பக்கம் திரும்பவில்லை. நடுவிலே ஒருத்தர் வந்து, இருபது வருஷமாக் கேட்ட அதே பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு அவரும் பந்திக்குப் போய்விடுகிறார்! (சிரிப்பு, கைதட்டல்) இந்த மனுஷனுக்கு ஆர்வம் குறைந்தது என்றால், குற்றவாளி இசையா?

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "யாரும் கேட்காதபோது, உனக்காக நீ கடைசியா எப்ப வாசிச்சே?" ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஞாபகம் இல்லை சார்"னு சொன்னார்.

அந்தக் கதையை இங்கே நிறுத்துகிறேன். அமெரிக்காவில் 1973-இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து நர்சரிப் பள்ளியிலே, படம் வரைவது என்றால் உயிரை விடுகிற சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்திடம், "வரைஞ்சா உனக்குத் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டின சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு, சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேனாவையும் தாளையும் சும்மா மேசையில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் தானாக வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். சான்றிதழ் ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள்!

என்ன நடந்தது? வரைவது விளையாட்டாக இருந்தது. பரிசைக் காட்டியதும் வேலையாகிவிட்டது. சம்பளம் இல்லாத நாளில் யார் வேலை செய்வார்கள்? நம்ம பிள்ளைகள் வர்ணத்துக்கு வந்ததுமே போட்டி மேடையிலே ஏற்றுகிறோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு. எல்லாரையும் அழவைக்கிற அந்த ஒரு பரிசுக்கு ஆறுதல் என்று யார் பெயர் வைத்தார்களோ! (சிரிப்பு) இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. பாடிப் பதிவு செய்து செல்போனிலே போடுகிறான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கு மணி எண்ணுகிறான். எண்ணிக்கை ஏறாத மாதத்திலே, "எனக்கு ஆர்வம் போயிடுச்சு" என்கிறான். தம்பி, போனது எண்ணிக்கை. ஆர்வம் எங்கே போச்சுன்னு நீ இன்னும் தேடிப் பார்க்கவே இல்லையே!

இன்னொரு காரணமும் உண்டு. இதை வாத்தியார்கள் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று போகும்போது மாசாமாசம் முன்னேற்றம் தெரியும். போன மாசம் வராதது இந்த மாசம் வரும். வர்ணம் தாண்டி, கீர்த்தனை பத்துப் பன்னிரண்டு சேர்ந்து, ராகம் பாட உட்காரும்போது பாருங்கள், அங்கே வண்டி நின்றுபோகும். ஒரு வருஷம் ஆகும், ஒன்றும் நகராது. "எனக்கு வராது, விட்டுடலாம்"னு தோன்றும். உண்மையிலே என்ன ஆகிறது தெரியுமா? அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுக் காது வளர்ந்துவிட்டது. கையும் குரலும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. நேற்று வரைக்கும் தன் அபஸ்வரம் தனக்குத் தெரியாது, சந்தோஷமாப் பாடினான். இன்றைக்குத் தெரிகிறது, கூசுகிறது. தன் பிழை தனக்குக் கேட்க ஆரம்பித்தவனிடம் போய், "உனக்கு இசை போய்விட்டது, விட்டுவிடு" என்று தீர்ப்பு எழுதலாமா, நடுவர் அவர்களே? அவனுக்கு இப்போதுதானய்யா வந்திருக்கிறது! (கைதட்டல்)

ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழலிலே பேர் வாங்கியவர். வானொலியிலே வேலை, பம்பாயிலே சினிமாப் பாட்டுக்கு வாசிப்பு, நல்ல வருமானம். அந்த நிலையிலே அன்னபூர்ணா தேவியிடம் போய், எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று நின்றார். படித்ததை எல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து வர முடியுமா என்பது அந்த அம்மா வைத்த நிபந்தனை. இவர் என்ன செய்தார் தெரியுமா? வலப்பக்கம் பிடித்து வாசித்த குழலை இடப்பக்கம் மாற்றிப் பிடித்தார்! வாசித்துப் பழகிய விரல் அத்தனையும் ஒரே நாளிலே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. தேங்கிப் போன வித்தைக்கு இப்படியும் ஒரு மருந்து இருக்கிறது.

அந்த அன்னபூர்ணா தேவி யார்? உஸ்தாத் அலாவுதீன் கானின் மகள். சுர்பகார் வாசிப்பிலே ஈடு இல்லாதவர் என்று பெரியவர்களே சொன்னவர். 1950-களிலேயே மேடையை விட்டுவிட்டார். கச்சேரி கிடையாது, கைதட்டல் கிடையாது. 2018-இல் 91 வயதில் மறையும் வரை வீட்டுக்குள்ளேயே இருந்து மாணவர்களை உருவாக்கினார். எதிரணித் தங்கை இவரை விட்டவர் பட்டியலிலே சேர்ப்பார்களா, தொடர்ந்தவர் பட்டியலிலே சேர்ப்பார்களா? மேடை வேறு, இசை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணிலே போடச் சொல்கிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, ரோசினிக்கு வருகிறேன். 1829-இல் 'வில்லியம் டெல்' எழுதினார், இசைநாடகத்தை நிறுத்தினார். தம்பி சொன்னது இதுவரை. அப்புறம் நோய், மனச்சோர்வு, நீண்ட காலம் ஏதோ ஒன்றிரண்டு தவிர மௌனம். அறுபது வயதுக்கு மேலே பாரிசுக்குத் திரும்பி வந்தார். சனிக்கிழமை ராத்திரியிலே வீட்டுக்கு நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பார். அந்த விருந்தாளிகளுக்காக மறுபடியும் எழுத ஆரம்பித்தார், ஐயா! சின்னச் சின்னதாக, 150 உருப்படிக்கும் மேலே. பியானோவுக்கு, குரலுக்கு. மொத்தத்துக்கும் அவர் வைத்த பெயர் 'முதுமைக்காலத்துப் பாவங்கள்'. உள்ளே ஒரு துண்டுக்கு முள்ளங்கி என்று பெயர். இன்னொன்றுக்கு வெண்ணெய். (சிரிப்பு) சாப்பாட்டுப் பிரியர், வேறென்ன செய்வார்! நாடகக் கொட்டகைக்காரன் நெருக்கடி இல்லை, தேதி இல்லை, போட்டி இல்லை. ஊரே கொண்டாடிய காலத்தில் கிடைக்காத ஒரு விளையாட்டு அவருக்கு அறுபத்தைந்திலே கிடைத்தது. 37-இல் நிறுத்தியபோது, "இனி ஒரு சுரமும் எழுத மாட்டேன்" என்று அவர் கதவை ஆணியடித்து மூடியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

நான் நேர்மையாகப் பேச வேண்டும். எதிரணிக்கு உதவக்கூடிய ஒருவரை நானே எடுத்துத் தருகிறேன். பின்லாந்து நாட்டு சிபேலியஸ். ஏழு சிம்பொனி எழுதியவர். 1926-க்குப் பிறகு பெரிய படைப்பு எதையும் அவர் வெளியிடவில்லை. எட்டாவது சிம்பொனி வரும் வருமென்று உலகமே காத்திருந்தது. 1940-களில் ஒரு நாள் கூடை கூடையாகக் காகிதங்களை எடுத்து வீட்டு அடுப்பிலே போட்டுக் கொளுத்திவிட்டார். 1957-இல் 91 வயதிலேதான் மறைந்தார். அவர் மனைவி ஆய்னோ பின்னாளில் சொன்னார், எரித்த பிறகு அவர் மனம் அமைதியாக இருந்தது என்று.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மனிதன் எழுபது வயதுக்கு மேலே, செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, போதும் என்று நெருப்பைப் பற்ற வைத்து, அதனால் நிம்மதியும் அடைகிறான் என்றால், அவனிடம் போய் நான் பட்டிமன்றம் பேச முடியாது. அதை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பத்தாண்டு வாசித்த பையன் ஒரு மழைக்கால மாதத்திலே சோர்ந்துபோய், "நானும் சிபேலியஸ் மாதிரி" என்றால், முதல்லே ஒரு சிம்பொனி எழுதிட்டு வாப்பான்னுதான் சொல்லுவேன். (சிரிப்பு)

இனி நம்ம ஊருக்கு வருவோம். கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள். மேடையிலே அவரும் கிட்டப்பாவும் சேர்ந்து பாடினால், ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்திலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். அந்த அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார், மேடையை ஒதுக்கினார். பாடுவதற்குக் காரணமாக இருந்தவரே போன பிறகு பாட்டு எதற்கு? ஆர்வம் குறைந்தது என்று நாம் லேசாகச் சொல்கிறோமே, அதைவிடப் பெரிய காரணம் யாருக்காவது இருக்க முடியுமா? அன்றைக்கு அவர் மொத்தமாக விட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார்? 1935-இல் 'பக்த நந்தனார்' படத்திலே நந்தனாராகவே, ஆண் வேடத்திலே வந்து நின்றார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே வாயைப் பிளந்தது. என் கண்ணுக்கு லட்சம் தெரியவில்லை, அந்த வேடம்தான் தெரிகிறது. கிட்டப்பாவோடு நின்ற இடத்திலே இன்னொருவரோடு ஜோடியாக நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஜோடி வேடத்தை விட்டார். எதை விட வேண்டுமோ அதை மட்டும் விட்டார். குரலை வைத்துக்கொண்டார். 1953-இல் ஔவையாராக வந்தார். 1965-இல் 'திருவிளையாடல்' படத்திலே அந்தக் குரல் முருகனைக் கூப்பிட்டபோது கொட்டகையிலே கண்ணீர் விடாத தாய்மார் யார்? (கைதட்டல்) மறைவு 1980-இல். அந்த நாற்பத்தேழு வருஷத்தை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, நான் தமிழ் வாத்தியார். பெரியபுராணத்தைத் தொடாமல் இறங்கினால் என் மாணவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். இரண்டே நிமிடம்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஞானசம்பந்தர் பாடப் பாட, அதை அப்படியே யாழிலே வாசித்துக்கொண்டு ஊர் ஊராகக் கூடவே போனவர். காரைக்கால் பக்கத்திலே தருமபுரம் என்று ஓர் ஊர். யாழ்ப்பாணரின் தாய்வழி உறவினர்கள் அங்கே இருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "நீ யாழிலே வாசிக்கிறதாலேதான் அந்தப் பிள்ளையின் பதிகம் ஊரெல்லாம் பரவுது"ன்னு புகழ்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணர் நடுங்கிப் போனார். சம்பந்தரிடமே போய், யாழிலே அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று கேட்டார். அவர் பாடினார். இவர் வாசிக்கப் பார்க்கிறார், வரவில்லை. யாழிலே ஒரு நரம்புக்கு ஒரு சுரம். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலே குழைந்து போகிற பாட்டை அது எப்படிப் பிடிக்கும்? வாழ்நாள் முழுதும் வாசித்த கை தோற்று நிற்கிறது. இந்தக் கருவியைத் தொட்டதால்தானே இந்த நிலை என்று யாழை ஓங்கி உடைக்கப் போனார்.

சம்பந்தர் தடுத்தார். யாழைத் தன் கையிலே வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதாகச் சேக்கிழார் வைக்கிற கருத்தைக் கவனியுங்கள். "நீர் பெரிய வித்துவான், உம்மால் முடியும்" என்று முதுகைத் தட்டவில்லை. "முயன்றால் முழுப் பதிகமும் வந்துவிடும்" என்று பொய்யும் சொல்லவில்லை. இந்தக் கருவியிலே எவ்வளவு அடங்குமோ அவ்வளவு வாசியும் என்றார். அவ்வளவுதான்! யாழ்ப்பாணர் யாழைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நல்லூர்ப் பெருமணத்திலே சோதியிலே கலக்கிற நாள் வரைக்கும் அந்த யாழோடுதான் சம்பந்தர் கூடவே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவருக்கு நானே போன் போட்டேன். இந்தக் கதையைத்தான் சொன்னேன். குழுவை விடணும்னா விடுப்பா, கல்யாண மண்டபத்தை விடு, அந்தத் துண்டுச் சீட்டை விடு, கருவியை மட்டும் விற்காதே என்றேன். குழுவை விட்டார். மச்சானோடு சேர்ந்து மின்சாமான் கடை வைத்தார். எட்டு மாசம் கீபோர்டு உறையை விட்டே வெளியே வரவில்லை. அவர் சம்சாரம் என்னிடம், "சார் பேச்சைக் கேட்டுத்தான் விட்டாருங்க"ன்னு குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் ஒரு நாள் பழைய ஆர்மோனியம் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். துருத்தியை எலி கடித்திருந்ததாம். தானே தோல் வாங்கி ஒட்டியிருக்கிறார். ஏன்யா, அத்தனை விலை கொடுத்து வாங்கின கீபோர்டு இருக்கும்போது இது எதுக்கு என்று கேட்டேன். "அதுலே பட்டனை அழுத்தினா தாளம் அதுவே போடும் சார். இதுலே நான் காத்து அடிச்சாத்தான் சத்தம்"னார். ராத்திரி கடையிலே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசிக்கிறாராம். தினமுமா என்று கேட்டேன். "இல்லை சார், பாதி நாள் அலுப்பாயிருக்கும், வீட்டுக்குப் போயிடுவேன்"னார். முந்தாநாள் எதிர்க்கடை இஸ்திரிக்காரர் வந்து, "நேத்து வாசிச்சீங்களே, அது பாதியிலே நின்னுடுச்சே, மீதி எப்ப?"ன்னு கேட்டாராம். அதைச் சொல்லும்போது அந்தக் குரல், ஐயா, யாப்பிலக்கண வகுப்பிலே மேசையைத் தட்டிக்கிட்டிருந்த அதே பையன் குரல்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும்போது சிபேலியஸை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள், நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். ரோசினியைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சுந்தராம்பாளையும் யாழ்ப்பாணரையும் மட்டும் எங்கள் பக்கத்திலேயே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.